யாழ்ப்பாணத்தில் வீட்டுப் பராமரிப்புச் சேவை: தொடங்குமுன் முடிக்கவேண்டிய கடதாசி வேலைகள்

போதனா வைத்தியசாலையில் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பியதும் குடும்பத்தில் எழும் முதற்கேள்வி, இனி ஆளை யார் பார்ப்பது என்பதுதான். பிள்ளைகள் ஸ்காபரோவிலும் ஹரோவிலும் சூரிச்சிலும் இருப்பார்கள். இங்கே கொக்குவிலிலோ கரவெட்டியிலோ ஒரு பெரிய வீடு, அதற்குள் எண்பது வயதில் இரண்டு பேர். அதனால் வீட்டுக்கு ஆள் அனுப்பும் சேவைகள் இங்கே முளைத்துக்கொண்டிருக்கின்றன. ஓய்வுபெற்ற தாதி ஒருவர் நாலு பெண்பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு தொடங்குகிறார். வெளிநாட்டிலிருந்து திரும்பிய ஒருவர், அங்கே பார்த்ததை இங்கே செய்து பார்க்கலாம் என்று இறங்குகிறார். ஊர்ச் சங்கம் ஒன்று இலவசமாகவே செய்ய முன்வருகிறது. எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: இதை எங்கே பதிவது?

ஒரு அலுவலகத்தின் பெயரைச் சொல்லி இதற்குப் பதில் முடித்துவிட முடியாது. சுகாதாரம், தொழில், சுற்றாடல், முதியோர் நலன், உள்ளூராட்சி என்று பல பக்கமிருந்தும் சட்டம் வரும். அதில் எது உங்களைத் தொடும் என்பது, அந்த வீட்டுக்குள் போய் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. வாட்டில் என்றால் சிஸ்டர் ஒருவர் மேலே நின்று பார்த்துக்கொண்டிருப்பார். வீட்டில் உங்கள் ஆள் தனியே. பிரச்சினை வந்தால் அதிகாரி யாராக இருந்தாலும் கேட்கப்போவது இதைத்தான்: செய்தது யார், யார் சொல்லிச் செய்தார், எங்கே எழுதியிருக்கிறது?

1. என்ன செய்வீர்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள்

பதிவுக்கு ஓடுமுன் ஒரு தாளில் மூன்று பிரிவு போடுங்கள்.

முதலாவதில் பராமரிப்பு வேலைகள்: குளிப்பாட்டுவது, உடுப்பு மாற்றுவது, சாப்பாடு ஊட்டுவது, கைபிடித்து நடக்கவைப்பது, படுக்கையில் திருப்பிப் போடுவது, பம்பர்ஸ் மாற்றுவது, குளிசை சாப்பிட நேரத்துக்கு நினைவூட்டுவது. இரண்டாவதில் தாதி வேலைகள்: ஊசி போடுவது, புண்ணுக்கு மருந்து கட்டுவது, சிறுநீர்க் குழாய் மாற்றுவது, மூக்கு வழி உணவுக் குழாய் போடுவது, சேலைன் ஏற்றுவது. மூன்றாவதில் மருத்துவமும் அதைச் சார்ந்தவையும்: டொக்டர் வந்து பார்ப்பது, இயன்மருத்துவம், வீட்டில் இரத்தம் எடுத்து ஆய்வுகூடத்துக்குக் கொடுப்பது.

முதற்பிரிவோடு நின்றுவிட்டால் உங்கள் பாதை சுலபம். இரண்டாவதில் ஒரு வேலையைச் சேர்த்தாலும் பதிவுபெற்ற தாதி வேண்டும், டொக்டரின் எழுத்து வேண்டும், கழிவுக்கு ஒழுங்கு வேண்டும். இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். துண்டுப் பிரசுரத்தில் 'முதியோர் பராமரிப்பு' என்று இருக்கும். வீட்டுக்காரர் கேட்டார் என்பதற்காக ஆறு மாதப் பயிற்சி எடுத்த பிள்ளை இன்சுலின் போட்டுக்கொண்டிருக்கும். வீட்டு ஆட்கள் தாங்களே இன்சுலின் போடலாம், ஆஸ்பத்திரியில் அதற்குப் பழக்கியும் விடுவார்கள். காசு வாங்கிக்கொண்டு வரும் ஆள் போடுவது வேறு கதை.

ஆகவே அதே தாளின் பின்பக்கத்தில் 'நாங்கள் செய்யாதவை' என்று ஒரு பட்டியல் எழுதுங்கள். வேலைக்கு வருபவரிடமும் குடும்பத்திடமும் முதல் நாளே அதைக் கொடுக்கவேண்டும். வேலையாள் நடு இரவில் தனியே நின்று 'இல்லை, அது எனக்கு அனுமதி இல்லை' என்று சொல்ல, கையில் ஏதாவது இருக்கவேண்டும்.

2. நிறுவனத்தின் வடிவம்

இது சின்ன வேலை. தனி ஆளாகவோ கூட்டாகவோ செய்தால் பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயர்ப் பதிவு. கிராம அலுவலரின் உறுதிப்படுத்தல் கேட்பார்கள், இடம் வாடகை என்றால் உடன்படிக்கையும் கேட்பார்கள். கொம்பனி என்றால் 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் பதிவு. இலாபம் எடுக்காத ஊர்ச் சங்கம், அறக்கட்டளை போன்றவை 1980 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தன்னார்வ சமூகசேவை அமைப்பாகப் பதியலாம். உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனி என்ற வழியும் உண்டு.

அலுவலகம் எந்த எல்லைக்குள் இருக்கிறதோ அந்த உள்ளூராட்சி மன்றத்தில் வியாபார உரிமம் பற்றிக் கேளுங்கள். யாழ்ப்பாணம் நகருக்குள் மாநகரசபை. பருத்தித்துறை, வல்வெட்டித்துறை, சாவகச்சேரியில் நகரசபை. மற்ற இடங்களில் பிரதேசசபை. உள்நாட்டு இறைவரியில் வரி இலக்கம் எடுத்து, நிறுவனத்தின் பெயரிலேயே வங்கிக் கணக்குத் திறந்துவிடுங்கள். வெளிநாட்டுப் பிள்ளைகள் அனுப்பும் காசு உங்கள் சொந்தக் கணக்கில் விழுந்துகொண்டிருந்தால் பின்னாளில் எது வருமானம், எது அந்த அம்மாவின் மருந்துக் காசு என்று பிரிக்க முடியாமல் போகும்.

3. தனியார் மருத்துவ நிறுவனப் பதிவு

2006 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்க தனியார் மருத்துவ நிறுவனங்கள் (பதிவு செய்தல்) சட்டம்தான் இதில் முதன்மையானது. தனியார் சுகாதார சேவைகள் ஒழுங்குபடுத்தல் சபை அதன் கீழ் வந்ததுதான். தனியார் ஆஸ்பத்திரி, ஆய்வுகூடம், பல் வைத்திய நிலையம், டொக்டரின் தனியார் கிளினிக், அம்புலன்ஸ் சேவை எல்லாம் அதில் வகைவகையாகப் பதியப்படுகின்றன. விண்ணப்பம் மாகாண சுகாதார சேவைகள் பணிப்பாளர் ஊடாகப் போகும். எங்களுக்கு அது வடமாகாணப் பணிமனை.

முதலாம் படியில் எழுதிய தாளைக் கையோடு கொண்டுபோங்கள். 'ஹோம் கெயார் செய்யப்போகிறோம்' என்று வாயால் சொன்னால் ஒருவர் ஒன்று சொல்லுவார், இன்னொருவர் வேறொன்று சொல்லுவார். செய்யப்போகும் வேலைகளின் பட்டியலையும், ஆட்களின் தகைமையையும் இணைத்து, எந்த வகையின் கீழ் நாங்கள் பதியவேண்டும் என்று கடிதம் எழுதி, பிரதியில் திகதி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். வரும் பதிலை அந்தப் பிரதியோடு சேர்த்துக் கோவையில் போடுங்கள். அதிகாரிகள் இடமாற்றமாகிப் போவார்கள், முத்திரை குத்திய கடிதம் கோவையில் இருக்கும்.

இன்னும் இரண்டு விடயம். பதிவு அந்தந்த ஆண்டுக்குரியது, ஒவ்வொரு ஆண்டும் புதுப்பிக்கவேண்டும். வீட்டில் இரத்தம் எடுத்துக் கொடுப்பதாக இருந்தால், நீங்கள் கொடுக்கும் ஆய்வுகூடமும் பதிவுள்ளதா என்று அதன் சான்றிதழைப் பார்த்துப் பிரதி வாங்குங்கள். நோயாளியை ஏற்றி இறக்க வான் ஒன்றை வாங்கி அதற்குச் சிவப்பு விளக்குப் பூட்டும் ஆசை சிலருக்கு வரும். அது அம்புலன்ஸ் சேவை, அதற்குத் தனிப் பதிவு.

சித்த மருத்துவம் இந்தச் சட்டத்துக்குள் வராது. 1961 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டத்தின் கீழ் பதிவுபெற்ற வைத்தியர்தான் அதைச் செய்யலாம். வீட்டுக்கு வந்து எண்ணெய் பூசிப் பிடித்துவிடும் சேவையையும் உங்கள் பட்டியலில் சேர்க்க நினைத்தால், முதலில் அப்படி ஒரு வைத்தியரை உங்களோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

4. ஆட்களும் அவர்களின் பதிவு இலக்கமும்

டொக்டர்கள் 1927 ஆம் ஆண்டின் மருத்துவக் கட்டளைச் சட்டத்தின் கீழ் இலங்கை மருத்துவ சபையில் பதிவுபெற்றிருக்கவேண்டும். இயன்மருத்துவர், தொழில்வழி மருத்துவர், மருத்துவ ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர், மருத்துவமாது ஆகியோரின் பதிவும் அங்கேதான். தாதியருக்கு 1988 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டத்தால் உண்டான இலங்கை தாதியர் பேரவை இருக்கிறது. வேலைக்கு எடுக்கும்போது சான்றிதழின் பிரதியை மட்டும் வாங்கி வைக்காதீர்கள். மூலத்தைப் பாருங்கள், பதிவு இலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், அந்தச் சபையிடமே சரிபாருங்கள்.

யாழ்ப்பாணத்தில் நல்ல தாதியர் கிடைப்பது பெரும்பாலும் ஓய்வுபெற்றவர்களிடமிருந்துதான். முப்பது வருடம் வாட்டில் நின்ற கை அது, அதைவிட நல்ல ஆள் கிடையாது. ஆனால் அவரின் பதிவு இன்றும் செல்லுபடியாகிறதா என்று பார்க்க வெட்கப்படக்கூடாது. 'மிஸ், உங்கட கடதாசியை ஒருக்காப் பார்க்கலாமா' என்று மரியாதையாகக் கேட்டால் யாரும் கோபிக்கமாட்டார்கள். இப்போது அரச சேவையில் இருப்பவர் ஓய்வு நேரத்தில் வருகிறேன் என்றால், அவரின் நிறுவனத் தலைவரின் அனுமதி எழுத்தில் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் சிக்கல் அவருக்கு, அவர் இல்லாத நாளில் சிக்கல் உங்களுக்கு.

பராமரிப்பாளர்களுக்குச் சபைப் பதிவு என்று ஒன்று இல்லை. அவர்களுக்கு என்.வி.கியூ. என்று எல்லோரும் சொல்லும் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ்தான் அளவுகோல். மொத்தம் ஏழு மட்டங்கள், பராமரிப்பாளருக்கு 3 ஆம் மட்டத்தில் தகைமை உண்டு. பயிற்சி நிலையத்தில் படித்து எடுக்கலாம். ஏற்கெனவே வருடக்கணக்கில் நோயாளி பார்த்த அனுபவம் உள்ளவர், வகுப்புக்குப் போகாமல் முன்கற்றலை அங்கீகரிக்கும் முறையில் செய்துகாட்டியும் எடுக்கலாம். இந்த இரண்டாவது வழி இங்கே பலருக்குத் தெரியாது. தன் மாமியாரைப் பத்து வருடம் படுக்கையில் வைத்துப் பார்த்த பெண் ஒருவரைச் சான்றிதழ் இல்லை என்று திருப்பி அனுப்புவது வீண். தொழிற்பயிற்சி அதிகாரசபையின் அலுவலகத்தில் விசாரித்து அவரை அந்த வழியில் விடுங்கள். பயிற்சி நிலையம் தரும் சான்றிதழில் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவின் அங்கீகாரம் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். அழகான பிரேம் போட்ட சான்றிதழ்கள் நிறைய உலவுகின்றன.

ஒவ்வொருவருக்கும் ஒரு தனிக் கோவை வையுங்கள். அடையாள அட்டைப் பிரதி, கிராம அலுவலர் நற்சான்று, பொலிஸ் அறிக்கை, தகைமைச் சான்றிதழ், ஈரல் அழற்சி பி தடுப்பூசி போட்ட விபரம், கையொப்பமிட்ட வேலை நியமனக் கடிதம் எல்லாம் அதில் இருக்கட்டும்.

5. குடும்பத்தோடு உடன்படிக்கை

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். எங்கள் ஊரில் காசு கொடுப்பவர் ஒரு நாட்டில், நோயாளி இன்னொரு நாட்டில், தீர்மானம் எடுப்பவர் மூன்றாவது நாட்டில் இருப்பார்கள்.

முதல் விதி: நோயாளிக்கு அறிவு தெளிவாக இருக்கும்வரை சம்மதம் அவருடையது. மகள் ஒப்பமிட்டார் என்பதற்காக அம்மாவுக்குப் பிடிக்காத ஒன்றைச் செய்ய முடியாது. ஐயா 'எனக்கு இந்த ஆள் வேண்டாம்' என்றால் வேண்டாம்தான். உடன்படிக்கையில் நோயாளியின் ஒப்பமும் இருக்கட்டும். எழுத முடியாவிட்டால் சாட்சியோடு பெருவிரல் அடையாளம். அறிவு மங்கியவர் என்றால், அதை மருத்துவரிடமிருந்து எழுத்தில் வாங்கி, தீர்மானம் கேட்கவேண்டிய ஒரே ஒருவரின் பெயரை எல்லாப் பிள்ளைகளும் ஒத்துக்கொண்டதாக எழுதுங்கள். நாலு பிள்ளைகளும் நாலு நேரவலயத்திலிருந்து கட்டளை போட்டால் உங்கள் ஆளுக்குப் பைத்தியம் பிடித்துவிடும்.

இரண்டாவது: வட்ஸ்அப் கட்டளை. 'அம்மாவுக்குச் சீனி கூட இருக்கு, இரண்டு யூனிட் கூட்டிப் போடுங்கோ' என்று இலண்டனிலிருந்து குரல் பதிவு வரும். அனுப்புபவர் அங்கே டொக்டராகவே இருக்கலாம், பாசத்திலேயே சொல்லலாம். ஆனால் இங்கே மருந்தின் அளவை மாற்ற இலங்கை மருத்துவ சபையில் பதிவுள்ள மருத்துவரின் எழுத்து வேண்டும். இதை உடன்படிக்கையிலேயே எழுதிவிட்டால் பிறகு மனக்கசப்பு இல்லை. மகன் தன் கருத்தை இங்குள்ள டொக்டரோடு கதைக்கட்டும், டொக்டர் கிளினிக் கொப்பியில் எழுதட்டும், அதன்பிறகு உங்கள் தாதி போடட்டும்.

மூன்றாவது: வேலையின் எல்லை. முற்றம் கூட்டுவதா, வீட்டுக்கு முழுக்கச் சமைப்பதா, நாய்க்குச் சோறு வைப்பதா? நோயாளிக்குரிய வேலை எது, வீட்டு வேலை எது என்று பிரித்து எழுதாவிட்டால் இரண்டாம் மாதத்திலேயே பிணக்கு வரும்.

நான்காவது, காசும் நகையும். வேலை தொடங்கும் நாளில் நோயாளி உடம்பில் உள்ள நகைகளை உறவினர் முன்னிலையில் பட்டியலிட்டு இரு பக்கமும் ஒப்பமிடுங்கள். ஓய்வூதியம் எடுக்க ஏ.டி.எம். கார்ட்டும் இரகசிய இலக்கமும் உங்கள் ஆளிடம் கொடுக்கப்பட்டால் அவர் வாங்கக்கூடாது. எவ்வளவு நம்பிக்கையான வீடாக இருந்தாலும் இது விலக்கில்லாத விதி. மருந்து வாங்கக் காசு கொடுத்தால் பற்றுச்சீட்டோடு கணக்கு.

பிறகு, தகவல். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலைச் சிறப்பு வகைத் தரவாக வைத்திருக்கிறது. படுக்கைப்புண்ணைப் படமெடுத்துக் குடும்பக் குழுவில் போடுவதற்கு முன் சம்மதம் எழுதி வாங்குங்கள். படம் வேலையாளின் சொந்தப் போனில் தங்கக்கூடாது. உங்கள் சேவையின் விளம்பரத்துக்கு நோயாளியின் முகத்தைப் போடுவதை மறந்துவிடுங்கள். அதைவிடக் கடினமானது வேலிக்கு மேலால் வரும் விசாரணை. 'ஆச்சிக்கு என்னவாம், நாள் கணக்கோ?' என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்பார், கேட்பது அன்பாகத்தான். 'வீட்டாக்களிட்டைக் கேளுங்கோ' என்று சிரித்துக்கொண்டு சொல்ல உங்கள் பிள்ளைகளைப் பழக்குங்கள்.

6. கட்டிலடிக் கொப்பி

ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கி நோயாளியின் அறையிலேயே வையுங்கள். முதற்பக்கத்தில் பெயர், வயது, நோய்கள், ஒவ்வாமை, மருந்துப் பட்டியல், பார்க்கும் டொக்டர், அவசரத்துக்கு அழைக்கவேண்டியவர். பிறகு ஒவ்வொரு முறைக்கும் நேரம், செய்தது, அளந்தது, கொடுத்தது, மறுத்தது, கவனித்த மாற்றம், பெயர், ஒப்பம். விழுந்தால், மருந்து தவறினால், தோலில் சிவப்புத் தெரிந்தால், அந்த நேரத்திலேயே எழுதவேண்டும். மாலையில் வந்து ஒரேயடியாக எழுதிய கொப்பி கண்டவுடன் தெரியும்: ஒரே பேனா, ஒரே சாய்வு, எல்லா நாளும் இரத்த அழுத்தம் 120/80.

எழுதியதை வெட்டி மறைக்கக்கூடாது. பிழையென்றால் ஒரு கோடு இழுத்துப் பக்கத்தில் சரியானதை எழுதி ஒப்பமிடவேண்டும். முடிந்த கொப்பிகளை அலுவலகத்தில் பூட்டி வையுங்கள்.

7. மருந்தும் உபகரணமும்

மருந்து விற்பது உங்கள் வேலையல்ல. 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டப்படி மருந்தகத்துக்குத் தனி அனுமதிப்பத்திரம் வேண்டும். மருந்தும் மருத்துவ உபகரணமும் தேசிய மருந்துகள் ஒழுங்குமுறை அதிகாரசபையில் பதிவுள்ளவையாக இருக்கவேண்டும். குடும்பம் வாங்கித் தருவதை, டொக்டர் எழுதியபடி கொடுப்பதோடு நில்லுங்கள். கனடாவிலிருந்து யாரோ கொண்டுவந்த குளிசைப் போத்தலை இங்குள்ள டொக்டர் பார்க்காமல் திறக்காதீர்கள். மிஞ்சிய மருந்தை அடுத்த வீட்டு நோயாளிக்குக் கொண்டுபோவது எங்கள் ஊரில் உதவியாகப் பார்க்கப்படும். உங்கள் சேவையில் அது அடியோடு கூடாது.

தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலையில் பார்க்கப்படும் நோயாளிகள் சிலரின் வீட்டில் மோர்பின் இருக்கும். வலியோடு கிடப்பவருக்கு அது மிகத் தேவையான மருந்து, பயந்து கொடுக்காமல் விடுவதும் தவறு. ஆனால் சட்டத்தில் அது அபாயகர ஒளடதம். எண்ணி வாங்கி, எண்ணிக் கொடுத்து, மிஞ்சியதைக் கொப்பியில் எழுதி, பூட்டி வைக்கவேண்டும். நோயாளி இறந்தபின் மிஞ்சியதைக் குடும்பத்தவர் கையால் ஆஸ்பத்திரி மருந்தகத்துக்குத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி, கொடுத்த திகதியையும் குறியுங்கள்.

8. ஊசியும் கழிவும், எங்கள் கிணறும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடியில் சுண்ணாம்புக்கல். மேலே விடுவது வெடிப்புகளுக்குள்ளால் விரைவாக நிலத்தடி நீருக்குப் போய்விடும், அந்த நீரைத்தான் கிணற்றில் அள்ளிக் குடிக்கிறோம். ஆகவே புண் கட்டிய துணியை வளவின் மூலையில் தாட்டுவதும், ஊசியை மலசலகூடக் குழிக்குள் போடுவதும் வேறெந்த ஊரையும்விட இங்கே கெடுதல். வாழைப் பாத்திக்குள் எறிந்த ஊசி என்றோ ஒருநாள் யாருடையவோ காலில் ஏறும்.

தொற்றுள்ள கழிவுக்கு மஞ்சள் பை, கூரானவற்றுக்கு மஞ்சளில் சிவப்புக் கோடு போட்ட கடினப் பெட்டி. இதுதான் நாட்டில் சுகாதாரத்துறை பயன்படுத்தும் நிறக் குறியீடு. பெட்டி முக்கால்வாசி நிரம்பியதும் மூடிவிடவேண்டும். போட்ட ஊசிக்குத் திரும்ப மூடி போடக்கூடாது. சேர்ந்ததை எரியூட்டி வசதியுள்ள ஆஸ்பத்திரி ஒன்றோடு எழுத்து ஒழுங்கு செய்து கொண்டுபோய்க் கொடுங்கள், கொடுத்ததற்குப் பற்றுச்சீட்டு வாங்குங்கள். சுகாதாரக் கழிவு 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் வருவது. உங்கள் அளவுக்கு அனுமதிப்பத்திரம் தேவையா என்று மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அலுவலகத்தில் எழுதிக் கேளுங்கள். உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரையும் ஒருமுறை போய்ச் சந்தித்துவிடுங்கள். முறைப்பாடு வந்தபின் அறிமுகமாவதைவிட அது நல்லது.

ஊசி கையில் குத்திவிட்டால் சவர்க்காரம் போட்டு ஓடும் நீரில் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்கு. எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தொடங்க 72 மணித்தியாலம்தான் எல்லை, முந்தினால் நல்லது. 'ஒன்றும் ஆகாது' என்று வீட்டிலேயே இருந்துவிடும் பிள்ளைகள் உண்டு. செலவு நிறுவனத்தினது என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

9. காய்ச்சல், அவசரம், நெடுந்தீவு

மாரியில் காய்ச்சல் என்றால் டெங்கு என்று நினைத்தே தொடங்கவேண்டும். டெங்கு, காசநோய் போன்றவை அறிவிக்கவேண்டிய நோய்கள். பார்க்கும் மருத்துவர் சுகாதார வைத்திய அதிகாரிக்கு அறிவிக்கவேண்டும் என்பது 1897 ஆம் ஆண்டிலிருந்தே உள்ள சட்டம். வீட்டில் வைத்துப் பார்த்தாலும் அது மாறாது.

அவசரத்துக்கு 1990 என்ற இலக்கத்தில் சுவசெரிய அம்புலன்ஸ், கட்டணம் இல்லை. இலக்கத்தை மட்டும் ஒட்டி வைத்தால் போதாது. வீட்டுக்கு வரும் வழியை, எந்தக் கோயிலடியால் திரும்பவேண்டும், எந்த ஒழுங்கை என்று கொப்பியின் முதற்பக்கத்தில் எழுதிவையுங்கள். எங்கள் ஒழுங்கைகளில் வீட்டிலக்கத்தை நம்பி யாரும் வந்து சேரமுடியாது. நெடுந்தீவு, நயினாதீவு போன்ற தீவுகளில் சேவை எடுக்கிறீர்கள் என்றால் குறிகாட்டுவான் துறையிலிருந்து படகு ஓடாத நாளில் என்ன செய்வது என்பதையும் உடன்படிக்கையில் எழுதவேண்டும். மாற்று ஆள் அனுப்ப வழியில்லாத இடத்தில் இரவுப் பொறுப்பை எடுக்காமல் விடுவதே நேர்மை.

10. வீட்டில் மரணம் நேர்ந்தால்

வயதானவர்களைப் பார்க்கும் சேவையில் இது வரத்தான் போகிறது. ஆனால் முன்கூட்டிக் கதைக்க எல்லோரும் கூச்சப்படுகிறோம்.

எதிர்பார்த்த, நோயால் வந்த மரணம் என்றால், பார்த்துவந்த மருத்துவரிடம் காரணத்தை எழுதி வாங்கி, கிராம அலுவலரின் அறிக்கையோடு பிறப்பு இறப்புப் பதிவாளரிடம் போகவேண்டும். அது குடும்பத்தின் வேலை, நீங்கள் கொப்பியைக் காட்டி உதவலாம். மரணம் திடீரென நேர்ந்தால், விழுந்திருந்தால், மருந்து மாறியிருக்கலாம் என்ற ஐயம் இருந்தால், கதை வேறு. கிராம அலுவலருக்கும் பொலிசுக்கும் அறிவிக்கவேண்டும், திடீர் மரண விசாரணை அதிகாரி வருவார். அதுவரை உடலைக் குளிப்பாட்டவோ, குழாய்களைக் கழற்றவோ, அறையைக் கழுவவோ கூடாது. உறவினர் அழுதுகொண்டே 'முதல்ல அம்மாவைக் குளிப்பாட்டுவம்' என்பார்கள். உங்கள் ஆள் அந்த இடத்தில் மென்மையாகத் தடுத்து நிற்கப் பழகியிருக்கவேண்டும். இரண்டு கிழமைக்கு முன் விழுந்து இடுப்பு முறிந்தவர் என்றால் அதை டொக்டரிடமும் கிராம அலுவலரிடமும் மறைக்கக்கூடாது. கொப்பியில் அந்த வீழ்ச்சி எழுதப்பட்டிருந்தால் அதுதான் உங்கள் பாதுகாப்பு.

மரணம் நேர்ந்துவிட்டது என்று உறுதிசெய்வது மருத்துவரின் வேலை. பராமரிப்பாளர் வெளிநாட்டுக்கு அழைத்து அறிவிக்கும் முதல் ஆளாக இருக்கக்கூடாது.

11. வேலையாட்களின் உரிமை

இங்கே நான் கொஞ்சம் கடுமையாகச் சொல்லுவேன். வேலை செய்பவர்களை 'சுயமாகச் செய்பவர்கள், நாங்கள் தொடர்பு மட்டும் படுத்திக் கொடுக்கிறோம்' என்று கடதாசியில் எழுதி, சேமலாப நிதி கட்டாமல் தப்பும் பழக்கம் ஒன்று பரவுகிறது. நேரத்தை நீங்கள் போடுகிறீர்கள், வீட்டை நீங்கள் தெரிவு செய்கிறீர்கள், சம்பளத்தை நீங்கள் கொடுக்கிறீர்கள், சீருடையும் உங்களுடையது. தொழில் அலுவலர் அந்தக் கடதாசியைப் பார்க்கமாட்டார், நடப்பதைப் பார்ப்பார்.

ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியர் 8 சதவீதம், நீங்கள் 12 சதவீதம். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு நீங்கள் மட்டும் 3 சதவீதம். ரூபா 40,000 சம்பளம் என்றால் ஊழியரிடமிருந்து 3,200 கழித்து 36,800 கையில் கொடுப்பீர்கள். உங்கள் பங்கு 4,800, நம்பிக்கை நிதிக்கு 1,200. ஆக ஒரு ஆளுக்கு உங்களுக்குச் செலவு 46,000. குடும்பத்துக்கு விலை சொல்லும்போதே இதைச் சேர்த்துச் சொல்லுங்கள். பிறகு கூட்ட முடியாது. தனியார் துறையின் ஆகக் குறைந்த மாதச் சம்பளம் 2025 ஏப்ரலில் ரூபா 27,000 ஆனது, 2026 ஜனவரியிலிருந்து 30,000.

அலுவலகத்தில் இருப்பவர்களுக்கு நாளுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45 என்பது 1954 ஆம் ஆண்டுச் சட்டம். வீட்டில் தங்கிப் பார்ப்பவர்களின் ஓய்வு நேரம், பெண்களின் இரவு வேலை, மேலதிக நேரம் ஆகியவற்றை அட்டவணை போடுமுன் தொழில் திணைக்களத்தில் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். 24 மணித்தியாலமும் ஒரே ஆள் என்பது எந்தக் கணக்கிலும் சரிவராது, நோயாளிக்கும் ஆபத்து. பதினைந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்துவிட்டால் ஐந்து வருடம் முடித்துப் போகும் ஒவ்வொருவருக்கும் பணிக்கொடை கொடுக்கவேண்டிய கடப்பாடும் வரும். வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் என்று கணக்கு.

12. பகல் நிலையமோ இல்லமோ நடத்த நினைத்தால்

வீடு வீடாகப் போவதை விட்டு, நாலு பேரை ஓரிடத்தில் வைத்துப் பார்க்கலாம் என்று தோன்றும் நாள் வரும். அன்றைக்கு 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் உங்களுக்குப் பொருந்தத் தொடங்கும். அறுபது வயதானவர் அதில் முதியவர். பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரைப் பார்த்து, முதியோருக்கான தேசிய செயலகத்தில் பதிவது பற்றிக் கேளுங்கள். கைதடியில் உள்ள அரச முதியோர் இல்லத்தை ஒருமுறை அனுமதி பெற்றுப் போய்ப் பார்ப்பதும் பயன். கட்டில்களுக்கு இடையிலான இடைவெளி, குளியலறையின் கைபிடிகள், சமையலறை எல்லாவற்றையும் நேரில் பார்த்தபின் உங்கள் கட்டடம் தகுமா என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

நாட்காட்டியில் குறிக்கவேண்டியவை

சேமலாப நிதி, நம்பிக்கை நிதி: அடுத்த மாதம் முடிவதற்குள். தனியார் மருத்துவ நிறுவனப் பதிவு, உள்ளூராட்சி உரிமம்: ஆண்டு முடிவுக்கு முன்பே விண்ணப்பம், ஐப்பசியிலேயே கடதாசிகளைச் சேர்க்கத் தொடங்குங்கள். தாதியர், மருத்துவர், இயன்மருத்துவரின் பதிவு முடியும் திகதி: ஒவ்வொருவரின் கோவையின் வெளி அட்டையில். ஊசிப் பெட்டி கொடுக்கும் நாள்: ஆஸ்பத்திரியோடு பேசி ஒரு நிலையான கிழமை. கட்டிலடிக் கொப்பியை மேற்பார்வைத் தாதி வந்து படித்து ஒப்பமிடும் நாளையும் அதே நாட்காட்டியில் போடுங்கள். எந்த வீட்டுக்கு எந்த நாள் என்பதை மட்டும் வேலையாட்களுக்கு முன்கூட்டிச் சொல்லாதீர்கள்.